இரத்மலானை – பலாலி: 329 கிலோமீற்றர், எத்தனை மணித்தியாலம்?

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் பெரியம்மாவுக்குச் சுன்னாகத்திலிருந்து தொலைபேசி வந்தபோது காலை ஒன்பதரை மணி. அவருடைய அண்ணர், எங்களுக்குப் பெரிய மாமா, விடியப்புறம் காலமாகிவிட்டார். பிள்ளைகள் எல்லோரும் ஊரிலேயே இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து யாரும் வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. பின்னேரம் நான்கு மணிக்கு எடுப்பதாக முடிவாகியிருந்தது.

காலை ரயில் போய்விட்டது. மதியம் ஏதாவது பிடித்தாலும் இருட்டிய பிறகுதான் போய்ச் சேரலாம். வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் சொகுசு பஸ்கள் எல்லாம் இரவுக்கானவை. வான் ஒன்றை உடனே பிடித்தாலும் எட்டு மணித்தியாலம். "பிளேன் ஒண்டும் இல்லையே பிள்ளை?" என்று பெரியம்மா கேட்டார். அவருக்கு 74 வயது. இரத்மலானையிலிருந்து விமானத்தில் யாழ்ப்பாணம் போய் வந்தவர்களைத் தெரிந்த தலைமுறை.

நான் கைத்தொலைபேசியில் தேடினேன். முதலில் வந்தது விமானச்சீட்டு விற்கும் பக்கம் அல்ல. இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் நடுவே உள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் கணிப்பான் ஒன்று. இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையே 329 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு என்றது. அன்று அந்த விமானம் இல்லை என்பதை அது சொல்லவில்லை. அது அதன் வேலையும் இல்லை. பெரியம்மா இறுதிக்கிரியையை வட்ஸ்அப் வீடியோவில் பார்த்தார்.

இந்தக் கணிப்பான்கள் வேலை செய்யும் முறை மிக எளிது. பூமியை உருண்டையாக வைத்து, இரண்டு இடங்களின் அகலாங்கு நெட்டாங்குகளுக்கு இடையே மிகக் குறுகிய வளைகோட்டை அளக்கின்றன. பிறகு ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணித்தியாலத்தைச் சேர்க்கின்றன. அந்தச் சராசரி வேகம் பெரும்பாலும் பெரிய ஜெட் விமானத்தினுடையது, மணிக்கு 800 கிலோமீற்றர் அளவில். பலாலியில் அப்படிப்பட்ட ஜெட் பயணிகள் சேவை நடத்துவதில்லை. 1,400 மீற்றர் ஓடுபாதையோடு 2019 இல் திறக்கப்பட்ட நிலையம் அது. சென்னையிலிருந்து அங்கே வருவது ஏ.டி.ஆர். 72 ரக விமானம். இரண்டு பக்கமும் காற்றாடி சுழல, மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீற்றர் வேகத்தில் பறப்பது.

தூரக் கணக்கில் ஒரு விடயம் மட்டும் என்னை நிறுத்தி வைத்தது. இரத்மலானையிலிருந்து பலாலிக்கு 329 கிலோமீற்றர். பலாலியிலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு ஏறக்குறைய 354 கிலோமீற்றர். அதாவது கொழும்புக்கும் சென்னைக்கும் இடையே போட்ட கோட்டில் பலாலி கிட்டத்தட்ட நடுவில் நிற்கிறது. திருச்சி இன்னும் கிட்ட, 184 கிலோமீற்றர் அளவில்தான். இன்று இந்த மூன்று கோடுகளில் எதில் சீட்டு எடுப்பது இலகு என்று பார்த்தால், இந்தியாவுக்குப் போகும் இரண்டும்தான். சொந்த நாட்டின் தலைநகருக்கு வரும் கோடு அறுந்து அறுந்து ஒட்டப்படுகிறது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை அமைத்த பலாலி ஓடுதளம், சுதந்திரத்துக்கு முன்பே பயணிகள் விமானத்தைக் கண்டுவிட்டது. 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது அட்டவணைச் சேவை இரத்மலானையிலிருந்து புறப்பட்டது. டக்கோட்டா விமானம், பெயர் 'சீதாதேவி'. அது போன வழி: இரத்மலானை, காங்கேசன்துறை, மதராஸ். காங்கேசன்துறை என்று அன்று குறிப்பிட்டது பலாலியைத்தான். நாட்டின் தேசிய விமான சேவை தொடங்கியதே யாழ்ப்பாணத்தை நடுத் தரிப்பிடமாக வைத்த ஒரே கோட்டில். கொழும்பில் ஏறியவர் பலாலியில் இறங்கலாம், பலாலியில் ஏறியவர் மதராஸில் இறங்கலாம். அந்தக் காலத்தில் எல்லோராலும் ஏற முடிந்தது என்று சொல்ல வரவில்லை. அரசாங்க உத்தியோகத்தர், வர்த்தகர், சட்டத்தரணி, வைத்தியர் என்று ஒரு வகுப்புக்கே அது எட்டியது. மற்றவர்களுக்கு யாழ்தேவியும் இரவுத் தபால் ரயிலும் இருந்தன. ஆனால் கோடு முழுதாக இருந்தது.

அந்தக் கோடு எப்போது அறுந்தது என்று ஒரு திகதி சொல்வது கடினம். 1978 செப்டெம்பர் 7 ஆம் திகதி, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அன்று, பலாலியிலிருந்து இரத்மலானைக்கு வந்து சேர்ந்திருந்த எயார் சிலோனின் அவ்ரோ விமானம் தரையில் நின்றபடியே குண்டு வெடித்து எரிந்தது. பயணிகள் ஏற்கெனவே இறங்கிவிட்டதால் உயிரிழப்பு இல்லை. எயார் சிலோனும் அதன் பிறகு நீடிக்கவில்லை. எண்பதுகளில் பலாலி முழு இராணுவத் தளமானது. 1990 ஜூனில் ரயிலும் நின்றது. வலிகாமம் வடக்கில் விமானத்தளத்தைச் சுற்றியிருந்த கிராமங்களின் மக்கள் அதே மாதத்தில் வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியேறினார்கள். சில நாட்களில் திரும்பலாம் என்று நினைத்துப் பூட்டியவை.

அதற்குப் பிறகான இருபது ஆண்டுகளில் கொழும்புத் தமிழருக்கு யாழ்ப்பாணத்தின் தூரம் கிலோமீற்றரில் அளக்கப்படவில்லை. பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எத்தனை நாளில் வரும், திருகோணமலையிலிருந்து கப்பல் எப்போது புறப்படும், இன்று பறப்பார்களா இல்லையா என்பதில்தான் அளக்கப்பட்டது. குடாநாடு இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்த பிறகு, 1990களின் பிற்பகுதியில், தனியார் விமானங்கள் பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையே பறந்தன. வன்னி வழியான தரைப்பாதை மூடிக்கிடந்ததால் அவை எப்போதும் நிரம்பியே போயின. 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் 602 இலக்க விமானத்தோடு பத்து நிமிடங்களுக்குள் தொடர்பு அறுந்தது. 48 பயணிகள், 7 பணியாளர்கள். பயணிகள் அனைவரும் தமிழர்கள். விடுதலைப் புலிகளின் ஏவுகணை அதை வீழ்த்தியது என்றே கருதப்படுகிறது. சிதைவுகள் இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது 2012 இல். மீட்கப்பட்ட உடுப்புகளையும் பொருட்களையும் 2014 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் காட்சிக்கு வைத்து, உறவினர்களை அடையாளம் காட்டச் சொன்னார்கள். பதினைந்து வருடம் கழித்து ஒரு சேலையையோ சேர்ட்டையோ பார்த்து, 'இது எங்கட ஆளின்ர' என்று சொல்ல வேண்டியிருந்தது.

2002 ஏப்ரலில், போர்நிறுத்த உடன்பாட்டை அடுத்து, ஏ-9 வீதி திறந்தது. நான்கு வருடமே. 2006 ஆகஸ்டில் முகமாலையில் சண்டை தொடங்கியதும் வீதி மறுபடி மூடப்பட்டது. திரும்பவும் விமானமும் கப்பலும் மட்டும்தான். கொழும்பில் சிகிச்சைக்கோ கடவுச்சீட்டுக்கோ வெளிநாட்டுத் தூதரக நேர்முகத்துக்கோ வந்தவர்கள், திரும்பிப் போக இடம் கிடைக்கும்வரை லொட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்கினார்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை என்று லொட்ஜ்கள் நிரம்பி வழிந்த காலம் அது. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலை பொலிஸார் இந்த லொட்ஜ்களுக்குள் புகுந்து 376 பேரை எழுப்பி, பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் கொண்டுபோனார்கள். கொழும்பில் இருக்கத் தகுந்த காரணம் இல்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவில் உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். வெள்ளவத்தையில் என் வயதொத்தவர்களிடம் பேச்சு எடுத்தால் அந்தக் காலைப்பொழுதின் நினைவு வருகிறது. ஊருக்குப் போக வழியில்லை என்று காத்திருந்தவர்களை அரசே இலவசமாக ஏற்றிப்போய் வவுனியாவில் இறக்கிவிட்டது. வவுனியாவுக்கு அப்பால் வீதி மூடியிருந்தது.

போர் முடிந்து வீதி திறந்தது. 2014 ஒக்டோபரில் ரயில் யாழ்ப்பாணம் வந்தது, 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது. 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி பலாலி 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' என்ற பெயரில் திறக்கப்பட்டது. அலையன்ஸ் எயார் விமானம் சென்னையிலிருந்து வந்து இறங்கியது. நவம்பரில் வாரத்துக்கு மூன்று நாள் சேவை தொடங்கி, கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பர் 12 இல் மீண்டும் வந்தது. 2023 ஜூலையில் அது தினசரி ஆனது. 2024 செப்டெம்பர் 1 முதல் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் வரத் தொடங்கியது. 1947 இல் போட்ட கோட்டின் வடக்குப் பாதி இவ்வாறு உயிர்பெற்றது. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

தெற்குப் பாதிக்கு என்ன ஆனது? விமானப்படையின் ஹெலிடுவர்ஸ் பறந்தது. 2019 க்குப் பிறகு தனியார் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சில நாட்கள், சில மாதங்கள், சிறிய விமானங்கள், பிறகு இடைவெளி. கொரோனா, அதையடுத்து 2022 இன் எரிபொருள் நெருக்கடி, டொலர் விலை எல்லாம் சேர்ந்து அடித்தன. ஆனால் முழுப்பழியையும் நெருக்கடிகள்மீது போடுவது சரியல்ல. இந்தச் சேவை நிலைக்காததற்கு இன்னும் அடிப்படையான காரணம் ஒன்று இருக்கிறது. அது இரவு பஸ்.

வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக இரவு எட்டு மணிக்குப் பிறகு நின்று பார்த்தால் தெரியும். பெட்டிகள், அரிசிப்பைகள், கேக் பெட்டி, வயதான அம்மாவை ஏற்றிவிட வந்த மகன், நடத்துனர் பெயர்ப்பட்டியலோடு ஓடுகிறார். கொட்டாஞ்சேனையிலும் செட்டியார்தெருப் பக்கமும் இதே காட்சி. ஏறினால் நித்திரை, கண் விழித்தால் யாழ்ப்பாணம். அந்த எட்டு மணித்தியாலத்தைப் பயணி செலவு செய்ததாகவே எண்ணுவதில்லை, எப்படியும் தூங்கியிருப்பார். ஒரு இரவு லொட்ஜ் காசும் மிச்சம். ஆகவே விமானம் போட்டி போடுவது எட்டு மணித்தியாலப் பயணத்தோடு அல்ல, ஒரு இரவு நித்திரையோடு. அந்தப் போட்டியில், பஸ் கட்டணத்தின் பல மடங்கு கேட்கும் விமானம் தோற்பது அதிசயமில்லை.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானைக்கு ஆறு ஏழு கிலோமீற்றர்தான், அரை மணித்தியாலம் வைப்போம். ஒரு மணித்தியாலம் முன்பே போக வேண்டும். பறக்க ஒரு மணித்தியாலம். இறங்கிப் பொதி எடுத்து, பலாலியிலிருந்து சுன்னாகமோ யாழ்ப்பாண நகரமோ போக முக்கால் மணித்தியாலம். மொத்தம் மூன்றேகால். கொட்டாஞ்சேனையிலிருந்து என்றால் நகரத்தைக் குறுக்காகக் கடந்து இரத்மலானைக்கு வர இன்னும் ஒரு மணித்தியாலம் சேரும். எப்படிப் பார்த்தாலும் கிட்டத்தட்ட நான்கு மணித்தியாலம் மிச்சம்.

ஆனால் இந்தக் கணக்கில் கணிப்பான்கள் காட்டாத ஒன்று இருக்கிறது: காத்திருப்பு. வாரத்துக்கு மூன்று சேவை என்றால் சராசரியாக 56 மணித்தியாலத்துக்கு ஒரு விமானம். சாவு வீட்டுச் செய்தி எந்த நேரத்திலும் வரலாம் என்பதால், அவசரக்காரர் ஒருவரின் சராசரிக் காத்திருப்பு அதில் பாதி, 28 மணித்தியாலம். அதோடு பயண நேரத்தையும் சேர்த்தால் பஸ் எப்போதோ போய்ச் சேர்ந்துவிடும். தினமும் ஒரு விமானம் என்றால் காத்திருப்பு 12 மணித்தியாலமாகக் குறையும். காலை ஒன்று, பின்னேரம் ஒன்று என்றால் ஆறு. வேகமான விமானத்தால் பயனில்லை, அடிக்கடி வரும் விமானத்தால்தான் பயன். வாரத்துக்கு மூன்று நாள் பறக்கும் சேவை, திட்டமிட்டுப் போகும் சுற்றுலாப் பயணிக்கு உதவும். திட்டமிட்டுப் போகிறவருக்கோ இரவு பஸ்ஸே போதும். அவசரத்துக்குத்தான் விமானம் வேண்டும், அவசரத்துக்குத்தான் அது இருப்பதில்லை. இந்த முரண்பாட்டுக்குள் சிக்கித்தான் ஒவ்வொரு நிறுவனமும் சில மாதங்களில் கைவிடுகிறது என்பது என் கணிப்பு.

இதே சிக்கலை வேறு மாதிரித் தீர்த்த ஒரு நாடு நம்மவர்களுக்கு அந்நியமானதல்ல. நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில், மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்யப் போன எங்கள் ஆட்கள் எண்பதுகளிலிருந்து வாழ்ந்திருக்கிறார்கள். அங்கே வாட்சோ, கிர்க்கெனெஸ் என்று இரண்டு சிறிய ஊர்கள், வாரங்கர் என்ற கடற்கழியின் இரு கரைகளில். விமான நிலையத்துக்கு விமான நிலையம் நேர்கோட்டில் ஏறக்குறைய 38 கிலோமீற்றர். பறக்க கால் மணித்தியாலம். வீதியால் போனால் கழியைச் சுற்றிச் சுமார் 170 கிலோமீற்றர், அதுவும் பனிக்காலத்தில். கிழக்கு பின்மார்க்கின் வைத்தியசாலை கிர்க்கெனெஸில் இருக்கிறது. சனத்தொகை மிகக் குறைவு, இலாபம் பார்க்கும் எந்த நிறுவனமும் அங்கே தானாகப் பறக்காது. ஆகவே அரசு கேள்விப்பத்திரம் கோருகிறது. ஒரு நாளைக்குக் குறைந்தது இத்தனை தடவை, இத்தனை இருக்கை, கட்டணம் இதற்கு மேல் போகக்கூடாது என்று நிபந்தனை போட்டு, விழும் துண்டை அரசே கொடுக்கிறது. பொதுச் சேவைக் கடப்பாடு என்று அதற்குப் பெயர். விடரோ என்ற நிறுவனம் 800 மீற்றர் ஓடுபாதைகளில் காற்றாடி விமானங்களை இறக்கி ஏற்றுகிறது. பலாலியின் ஓடுபாதை குட்டை என்று குறை சொல்பவர்கள் இதையும் பார்க்கலாம். கொழும்புச் சேவைக்கு 1,400 மீற்றர் தாராளம்.

நோர்வேயிடம் எண்ணெய் இருக்கிறது, நம்மிடம் கடன் இருக்கிறது என்பது நியாயமான மறுப்பு. பக்கத்து நாட்டைப் பார்ப்போம். இந்தியா 2016 இல் 'உடான்' திட்டத்தைத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பறப்புக்கு 2,500 இந்திய ரூபாய் என்ற உச்சவரம்போடு, சிறு நகரச் சேவைகளுக்கு மூன்று ஆண்டுகள் மானியம் கொடுத்தது. 2023 இல் இந்தியக் கணக்காய்வாளரின் அறிக்கை வந்தது. அவர் ஆராய்ந்த, வழங்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கியவற்றில் 112 தான் மூன்று ஆண்டைத் தாண்டின. மானியம் முடிந்த பிறகும் பறந்தவை 54. ஆகவே அரசு காசு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத எனக்குத் துணிவில்லை. மானியம் நின்றதும் நிற்கும் சேவை, பெரியம்மாவின் கேள்விக்குப் பதில் அல்ல. ஏற்கெனவே கடனில் மூழ்கிய தேசிய விமான நிறுவனம் ஒன்றைத் தோளில் சுமக்கும் நாட்டில், மலையகத் தோட்டங்களுக்கு ஒழுங்கான பஸ் இல்லாதபோது, விமான இருக்கைக்கு மானியம் என்பது கேட்பதற்கே கூச்சமான கோரிக்கைதான்.

அதனால்தான் 1947 இன் கோடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அன்று இரத்மலானை – பலாலி தனியாக ஒரு சேவையாகத் தாங்கவேண்டி இருக்கவில்லை, மதராஸ் போகும் விமானத்தின் முதல் பாதியாக இருந்தது. இன்று சென்னையிலிருந்து பலாலி வரும் விமானம் அங்கேயே திரும்பிப் போகிறது. இரத்மலானையும் 2022 மார்ச்சிலிருந்து சர்வதேச விமான நிலையம், மாலைதீவிலிருந்து விமானம் வந்து இறங்கியது. குடிவரவு, சுங்க ஏற்பாடு இரண்டு முனையிலும் உண்டு. இலங்கை நிறுவனம் ஒன்று 70 இருக்கை விமானத்தை இரத்மலானை, பலாலி, சென்னை என்று ஒரே கோட்டில் ஓட்டினால், முதல் பாதியின் வெற்று இருக்கைகளைச் சென்னைப் பயணிகள் நிரப்புவார்கள். வெள்ளவத்தைக்காரருக்குக் கட்டுநாயக்க போகும் அலைச்சலும் குறையும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு உள்ளூர்ப் பயணிகளை ஏற்ற வழமையாக அனுமதி இல்லை என்பதால் இதை இண்டிகோ செய்யாது, இலங்கை நிறுவனமே செய்ய வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையும் அமைச்சும் இப்படி ஒரு கேள்விப்பத்திரத்தையாவது போட்டுப் பார்க்கலாம். எத்தனை பேர் முன்வருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

வடக்குப் பாதிக்கும் அதன் மறைந்த மணித்தியாலங்கள் உண்டு. பலாலியில் ஏறி ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலத்தில் சென்னையில் இறங்கலாம், ஆனால் விசாவுக்கு எடுக்கும் நாட்கள் எந்தக் கணிப்பானிலும் வராது. யாழ்ப்பாணத்தில் 2010 இலிருந்து இந்தியத் துணைத் தூதரகம் இருப்பது ஒரு வசதி. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரில் தொடங்கி இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்ட கப்பல் இன்னொரு வசதி. எல்லோருக்கும் இவை வசதியாகவும் இல்லை. 2025 மே மாதத்தில், தமிழ்நாட்டில் அகதியாக வாழ்ந்த 75 வயதான ஒருவர், ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் ஏற்பாட்டில் பலாலியில் வந்து இறங்கினார். குடிவரவு அதிகாரிகள் அவரைக் கைது செய்தார்கள். போர்க்காலத்தில் உரிய ஆவணம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினார் என்பது குற்றச்சாட்டு. அன்று படகில் உயிர் தப்பிப் போனவர்களில் யார் கடவுச்சீட்டில் முத்திரை குத்திப் போனார்கள்? எதிர்ப்பு எழுந்த பிறகு அவர் விடுவிக்கப்பட்டாலும், முகவரகம் தான் ஒழுங்கு செய்துவந்த திரும்பல்களை நிறுத்தி வைத்தது. 354 கிலோமீற்றரின் அந்தப் பக்கத்தில், முகாம்களில், திரும்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அந்த ஒரு கைது போதும்.

ஓடுபாதைக்கு அடியில் இருக்கும் மண்ணைப் பற்றிப் பேசாமல் பலாலியைப் பற்றி எழுதுவது முழுமையாகாது. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியை இராணுவத் தேவைக்காகச் சுவீகரிப்பதாக அறிவித்தல் ஒட்டப்பட்டது. காணி உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2015 க்குப் பிறகு துண்டு துண்டாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன, மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில். விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகள் பல இன்னும் வேலிக்குள். வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதியே 2025 ஏப்ரலில்தான், 34 வருடம் கழித்து, பகல் நேரத்தில் மட்டும் நிபந்தனைகளோடு திறந்தது. ஏ320 ரக ஜெட் இறங்கும் அளவுக்கு ஓடுபாதையை நீட்டுவது இரண்டாம் கட்டம் என்று 2019 இலேயே சொல்லிவிட்டார்கள். நீட்டினால் துபாயிலிருந்தும் வரலாம் என்று கனவு காண்பவர்கள் யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் உண்டு. எந்தப் பக்கம் நீட்டுவது, அது யாருடைய தோட்டம், அவருக்கு என்ன பதில் என்பதை அந்தக் கனவோடு சேர்த்துப் பேசுபவர்கள் குறைவு. விமான நிலையம் வேண்டும் என்பவரும் காணி வேண்டும் என்பவரும் பல வீடுகளில் ஒரே ஆள்தான். கொழும்புச் சேவைக்கு நீட்டவே தேவையில்லை என்பதை இங்கே மறுபடி சொல்லி வைக்கிறேன். இருக்கும் ஓடுபாதையில், இருக்கும் விமானங்களால், யாருடைய காணியிலும் ஒரு பரப்புக்கூட எடுக்காமல் செய்யக்கூடியது அது.

பெரிய மாமாவின் அந்தியேட்டி முப்பத்தோராம் நாள் கீரிமலையில். பெரியம்மா அதற்குக் கட்டாயம் போகவேண்டும் என்று நின்றார். கொட்டாஞ்சேனையிலிருந்து இரவு பஸ். இடையில் தேநீருக்கு நிறுத்திய இடத்தில் இறங்கி ஏறக் கஷ்டப்பட்டார், முழங்கால் வீங்கிவிட்டது. விடிய யாழ்ப்பாணம், அங்கிருந்து ஓட்டோவில் கீரிமலை. போர்க்காலத்தில் அந்தக் கேணிக்குப் போவதே அனுமதிக்கு உட்பட்டிருந்தது. கிரியை முடிந்து கடற்கரைப் பக்கமாக உட்கார்ந்திருந்தபோது, வானத்தில் காற்றாடி விமானம் ஒன்று தாழப் பறந்து பலாலிப் பக்கம் திரும்பியது. கொழும்பிலிருந்து வருகிறதா என்று கேட்டார். சென்னை விமானம் என்றேன்.